பிடிவாதக்காரியின் குடுவை

எங்கள் வீட்டில் கொசு விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி என் மாமியார். சாயங்காலம் விளக்குப் போட்டதும் மின்சார பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ரோந்து போவார். படபடவென்று பொறி பறக்கும்போதெல்லாம், "ஒண்ணு ஒழிஞ்சுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார். இன்னொரு கட்சி நான். காலையில் அடித்துப் பிடித்துக் கிளம்பி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், கொசுவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வருகிறேன். அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்.

"நான் இங்க ஒண்ணொண்ணா அடிச்சுக் கொல்றேன். இவ அங்க போய் லட்சக்கணக்குல வளர்க்கிறா." வீட்டுக்கு வருகிற விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை இந்தப் புகாரைச் சொல்லி முடித்துவிடுவார்.

நானும் விளக்கிப் பார்த்தாயிற்று.

"அத்தை, நான் வளர்க்கிறது முழுக் கொசு இல்ல. கொசுவோட செல். கண்ணுக்கே தெரியாது."

"இறக்கை இருக்கா?"

"இல்ல."

"கடிக்குமா?"

"கடிக்க வாயே கிடையாது."

"அப்புறம் அது என்ன கொசு?"

நியாயமான கேள்விதான். என்றைக்கோ யாரோ கொசுமுட்டையிலிருந்து வெளிவந்த புழுக்களை நசுக்கி, அதிலிருந்த செல்களைப் பிரித்து, ஊட்டமான திரவத்தில் மிதக்கவிட்டார்கள். அவை இரண்டாகி, நாலாகி, இன்றுவரை நிற்காமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கொசு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் செல்கள் மட்டும் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் குடுவைகளில் இன்னமும் குடும்பம் நடத்துகின்றன. நான் அந்தக் குடும்பத்துக்குக் காய்ச்சல் வைரஸைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கிறவள். மனிதர்களைப் படுக்கையில் தள்ளும் வைரஸ், கொசுவுக்குள் இருக்கும்போது அதற்கு ஒரு தலைவலிகூடக் கொடுப்பதில்லை. அது ஏன், அதை அங்கேயே மடக்க முடியுமா என்பதுதான் என் பிழைப்பு.

எங்கள் செல் அறை சின்னது. ஒரு பக்கம் கண்ணாடித் திரை போட்ட வேலை மேஜை. எதிரே இரண்டு வெப்பப் பெட்டிகள். கொசுச் செல்களுக்கு இருபத்தெட்டு டிகிரி, குரங்குச் செல்களுக்கு முப்பத்தேழு டிகிரி. வாரத்துக்கு இரண்டு தடவை குடுவையை எடுத்துப் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் பெயர்ந்து மிதக்கும். அதில் கொஞ்சத்தை எடுத்துப் புதுத் திரவத்தோடு புதுக் குடுவையில் விட்டுவிட்டு, மீதியை ப்ளீச்சில் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு குடுவையின் எச்சில் இன்னொரு குடுவையில் படக்கூடாது. திரவம் தனி, அதை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட் தனி, நேரம்கூடத் தனி. இந்தச் சட்டத்தை மீறியவரைப் பற்றி அந்த அறையில் பேசுகிற தொனியில் கொலைகாரரைப் பற்றிக்கூட யாரும் பேச மாட்டார்கள்.

அறையில் என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு விஞ்ஞானிக்கு நாங்கள் வைத்த பெயர் மிச்சம். எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவர், படிப்பில் எனக்குச் சமம். எதையும் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. அரை பாட்டில் சாயம், கால் டப்பா கையுறை, ஓரம் உடைந்த டைமர் எல்லாம் அவர் அலமாரியில் பத்திரமாக இருக்கும். "இருக்கட்டும்மா, எதுக்காவது ஆகும்" என்பார். நான் குடுவையைத் தட்டினால் கன்னத்தில் அறைவது போலக் கேட்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மிச்சம் தட்டினால் குழந்தையைத் தூங்க வைப்பது போலிருக்கும்.

எனக்குக் கோபம் வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அது மேல். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் இருபத்தெட்டு டிகிரிப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. செல்கள் ஏசிக் குளிரில் சுருண்டு போயிருந்தன. அந்தப் பெட்டியின் சாவி இருப்பது என்னிடமும் மிச்சத்திடமும் மேடத்திடமும்தான். மேடம் எங்கள் ஆய்வகத்தின் தலைவி, அவரைச் சந்தேகப்பட முடியுமா? மிச்சத்தைப் பிடித்து ஒரு வாரம் காய்ச்சி எடுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பார்த்துக்கறேன்மா" என்றார். மேடமும், "யாரா இருந்தாலும் இது பெரிய தப்பு" என்று சொல்லிவிட்டு வேகமாகத் தன் அறைக்குள் போய்விட்டார்.

இப்போது பிடிவாதக்காரிக்கு வருகிறேன்.

பிடிவாதக்காரி என்பது என் குடுவைகளில் ஒன்று. போன வருஷம் வழக்கம்போல அதற்கு வைரஸ் கொடுத்தேன். வைரஸ் வளர்ந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. குரங்குச் செல்களைத் தட்டில் பாய் விரித்தாற்போல் வளர்த்து, குடுவைத் திரவத்தில் கொஞ்சம் அதன்மேல் விடுவோம். வைரஸ் இருந்தால் அந்தப் பாயை அங்கங்கே பொத்தல் போட்டுவிடும். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிடிவாதக்காரியின் தட்டைக் கழுவினேன். ஒரு பொத்தல்கூட இல்லை. முழு ஊதா, புதுத் துணி மாதிரி. மறுபடி கொடுத்தேன், மறுபடியும் முழு ஊதா. கொடுத்த வைரஸை அவள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷமாக அடுத்தவர் கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தது. முதல் தடவையாக, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தது. பல நாட்டுக்காரர்கள் கூடியிருந்த கூட்டத்தில் மேடை ஏறி அந்த ஊதாத் தட்டின் படத்தைக் காட்டினேன். கை தட்டினார்கள். கடல் கடந்த ஓர் ஆய்வகம் அந்தச் செல்களைக் கேட்டது. எங்கள் நைட்ரஜன் தொட்டியில் நான் முன்பே உறையவைத்திருந்த அதே செல்களை எடுத்துப் பெருமையாக அனுப்பிவைத்தேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில், அதனால்தான் அதிகம் வலித்தது. "தாங்கள் அனுப்பிய செல்களில் வைரஸ் மிக நன்றாக வளர்கிறது" என்று எழுதி, சல்லடை மாதிரி ஒரு தட்டின் படத்தையும் இணைத்திருந்தார்கள்.

"அவங்களுக்குக் கை சுத்தமில்ல" என்றேன் மேடத்திடம்.

"சரி, நீ செஞ்சு காட்டு" என்றார் மேடம்.

தொட்டியிலிருந்து அதே செல்களை நானும் எடுத்து உருக்கி, வளர்த்து, வைரஸ் கொடுத்தேன். ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினேன். என் தட்டும் சல்லடை. பழைய குடுவையில் இருந்த பிடிவாதக்காரி மட்டும் அப்போதும் அசையவில்லை. அதே தாய்க்குப் பிறந்த செல்கள், ஒன்று விரட்டுகிறது, மற்றது விருந்து வைக்கிறது.

மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் விஷயத்தைப் பூசி மெழுகவும் மாட்டார். "ஒரே ஒரு குடுவையில மட்டும் நடக்குதுன்னா அது கண்டுபிடிப்பு இல்லம்மா, விபத்து. அடுத்த மாசக் கடைசிக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி. இல்லேன்னா நாம சொன்னது தப்புன்னு நாமளே எல்லாருக்கும் சொல்லிடலாம். அந்தக் குடுவையையும் ப்ளீச்ல போட்டுடு. என்ன ஒட்டியிருக்கோ, மத்ததுக்கும் பரவும்."

நாமளே என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னாலும், மேடையில் நின்றது நான். பெயர் கெடப்போவதும் என் பெயர்தான். அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது நின்றுபோனாலும் அவருக்கு அது லிஃப்ட்தான்.

"நல்லா ஓடின லிஃப்ட் திடீர்னு வேற மாதிரி நடந்துக்கிட்டா, நாங்க மோட்டாரைப் பார்க்க மாட்டோம். கடைசியா கை வெச்சவன் யாருன்னுதான் கேப்போம்."

"என் குடுவையில என்னைத் தவிர யாரும் கை வைக்கிறதில்ல."

"உங்க அக்காவுக்குக் குழந்தை பொறந்தப்போ மூணு வாரம் போயிருந்தியே?"

சுருக்கென்றது. நான் இல்லாத அந்த மூன்று வாரமும் என் செல்களுக்குச் சாப்பாடு போட்டது மிச்சம். தொட்டியில் உறையவைத்தது ஊருக்குப் போவதற்கு முந்தின நாள். பிடிவாதம் ஆரம்பித்தது திரும்பி வந்த பிறகு. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

மறுநாள் செல் அறைக்குள் நுழைந்த வேகத்தில் கேட்டேன். "அண்ணா, நான் ஊருக்குப் போயிருந்தப்போ என் செல்லை என்ன பண்ணீங்க?"

மிச்சம் கையிலிருந்த பிப்பெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணும் பண்ணலம்மா. நீ சொன்னபடிதான்."

"பொய் சொல்லாதீங்க. என் மானமே போகப் போகுது. வேற பாட்டில் எடுத்தீங்களா? கையுறை மாத்தலியா? பெட்டிக் கதவைத் திறந்து போட்ட ஆள்தானே நீங்க?"

"நீ சொன்னபடிதான்மா" என்றார் மறுபடி. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிவிட்டது. அப்புறம் நான் எத்தனை விதமாகக் கத்தியும் அதே இரண்டு வார்த்தைதான். ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் வேலை செய்வதை ஒரு நாள் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் போடலாம் போல அத்தனை சுத்தமாகச் செய்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் யார்தான் தப்புச் செய்வார்கள்?

மேடம் கெடு வைத்த மாதம் பிறந்துவிட்டது. ப்ளீச் பாட்டிலைக் கண்ணில் படாதபடி மேஜைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் தயிரை ஒரு வாய் வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுத் தயிர் கொஞ்சம் இளகலாக, புளிக்காமல் இருக்கும். அத்தைக்கு அதில் ஏகப் பெருமை. அன்றைக்கு இருந்ததோ கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டி, வேறு மணம்.

"இது நம்ம வீட்டுத் தயிரே இல்ல" என்றேன். ஆய்வகத்தில் இருந்த எரிச்சல் முழுக்க அந்தக் குரலில் இருந்தது.

"நம்மதுதான்" என்றார் அத்தை, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"கடையில வாங்கினீங்களா?"

"நான் ஏன் கடையில வாங்கறேன்? அதே பால், அதே பாத்திரம். உனக்கு இன்னிக்கு நாக்கு சரியில்ல."

"எனக்கு நாக்கு சரியாத்தான் இருக்கு. வேற ஏதோ நடந்திருக்கு."

"ஒண்ணும் நடக்கல. எப்பவும் போலத்தான்."

அந்தத் தொனியை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை தயிர் போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லாயிருக்கும்மா. உறை எங்க கிடைச்சுது?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாயிருக்கில்ல? நேத்து ஞாபகமில்லாம இருந்த தயிரையெல்லாம் வழிச்சுக் காலி பண்ணிட்டேன். உறைக்கு ஒரு ஸ்பூன்கூட இல்ல. மாடி வீட்டுக்காரிகிட்டதான் வாங்கிட்டு வந்தேன்."

நான் வாயைப் பிளந்தேன். மாடி வீட்டு அம்மாவும் அத்தையும் முகம் கொடுத்துப் பேசி ஆறு மாதம் இருக்கும். அந்த அம்மாள் பூந்தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறார், தட்டில் தண்ணீர் தேங்குகிறது, அதில் கொசு முட்டை போடுகிறது என்று பேட்டும் கையுமாகப் படியேறிப் போய்ப் போர் தொடுத்தவர் அத்தை.

"பின்ன ஏன் அத்தை என்கிட்ட மறைச்சீங்க?"

"நீ கேட்ட கேள்வியா அது? போலீஸ் மாதிரி கேட்டா யாரு சொல்லுவா?" என்றார் அத்தை. வீட்டுக்காரர் தயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அதே பால், அதே பாத்திரம். ஒரு ஸ்பூன் உறைதான் வேறு. அந்த ஒரு ஸ்பூனில் என்ன இருந்ததோ அது பால் முழுக்கப் பெருகி, தயிரின் குணத்தையே மாற்றிவிட்டது. என் குடுவையிலும் அதே செல், அதே திரவம். நான் எழுந்து நின்று, "உறை!" என்று கத்தினேன். அத்தை பயந்துபோய்ப் பேட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தத் தயிரில் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். மிச்சம் தேநீர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்கண்ணா. எங்க அத்தை போட்ட தயிர். சாப்பிட்டுப் பாருங்க."

சந்தேகத்தோடு ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். "நல்லாயிருக்கே."

"உறை மாடி வீட்டோடது. அதான் இவ்வளவு கெட்டி." என்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டேன். அது எனக்கு எத்தனை கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். "அண்ணா, நான் இல்லாதப்போ என் செல்லுக்கு உறை ஊத்தினீங்களா?"

மிச்சம் ஸ்பூனைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சாகக் கிடந்துச்சும்மா" என்றார். "ஊருக்குப் போற அவசரத்துல நீ ரொம்பக் கம்மியா விட்டுட்டுப் போயிட்ட. அவ்வளவு பெரிய குடுவையில அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. தனியா கிடந்தா இதுங்க வளராதுன்னு உனக்கே தெரியும். பத்து நாளாச்சு, பெருகவே இல்ல. நீ திரும்பி வந்து பார்த்தா என்னைக் கொன்னே போட்டுடுவேன்னு தோணிச்சு. என்னோட குடுவையில இருந்து பழைய திரவம் எடுத்துக் கொஞ்சம் ஊத்தினேன். செல்லு வராம மேல தெளிஞ்சு நின்னதை மட்டும்தான் எடுத்தேன். பழகின தண்ணின்னா தெம்பு வரும்னு. ரெண்டே நாள்ல துளிர்த்துடுச்சு."

"எந்தக் குடுவையில இருந்துண்ணா?"

"வெளியில பிடிச்ச கொசுவோட முட்டையில இருந்து நானே வளர்த்தேனே, அது. தூக்கிப் போட வேண்டிய திரவம்தான். மிச்சம் இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "நீ மேடை ஏறிப் பேசினப்போ எனக்கு அதுக்கும் இதுக்கும் சம்பந்தம்னே தோணல. அப்புறம் தோணினப்போ சொல்லப் பயமாயிருந்துச்சு. எச்சில் பண்ணிட்டேன்னு சொன்னா இந்த அறையில என்னை யாரு மதிப்பா? நீ வேற..."

அவர் முடிக்கவில்லை. முடித்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு நல்ல மனிதர் என் செல்களைக் காப்பாற்றிவிட்டு, அதைச் சொல்ல என் வாய்க்குப் பயந்து ஒரு வருஷம் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பத்து மடங்கு சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அந்தக் குடுவை இன்னும் இருக்கா?"

மிச்சம் முதல் தடவையாகச் சிரித்தார். "நான் எதையாவது தூக்கிப் போட்டு நீ பார்த்திருக்கியா?"

இருவரும் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எச்சில் பண்ணது தப்பு. அதை அப்புறம் பேசிக்கலாம். உறையில என்ன இருக்குன்னு முதல்ல காட்டுங்க. நாள் அதிகமில்ல."

மிச்சத்தின் குடுவைத் திரவத்தை, செல் எதுவும் நுழைய முடியாத மெல்லிய வடிகட்டியில் வடித்தோம். வடிந்ததை இரண்டு பங்காக்கி ஒரு பங்கைக் கொதிக்கவிட்டோம். கொதிக்கவைத்த தயிரை உறை ஊற்றினால் பால் தயிராகாது இல்லையா, அதே கணக்குத்தான். தொட்டியிலிருந்து எடுத்த புதுச் செல்களை மூன்று குடுவையில் விட்டோம். ஒன்றுக்கு வடித்த திரவம், ஒன்றுக்குக் கொதித்த திரவம், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. அவை வளரக் காத்திருந்து, பிறகு மூன்றுக்கும் காய்ச்சல் வைரஸைக் கொடுத்தோம். பிறகு குரங்குச் செல் தட்டுகளில் விட்டுவிட்டு மறுபடி காத்திருந்தோம். எங்கள் தொழிலில் பாதி வேலை காத்திருப்பதுதான். எனக்கு அது வரவே வராது. பெட்டிக் கதவை நான் அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாதென்று மிச்சம் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தட்டு கழுவும் நாள் சரியாக மாதக் கடைசியில் வந்து விழுந்தது. சேதி எப்படியோ பரவி, ஆய்வகமே கழுவுதொட்டியைச் சுற்றி நின்றது. மேடம் கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றார். எதுவும் ஊற்றாத குடுவையின் தட்டில் சாயத்தை ஊற்றிக் கழுவினேன். சல்லடை. கொதித்த திரவத்தின் தட்டு, அதுவும் சல்லடை. மீதியிருந்த வடித்த திரவத்தின் தட்டை எடுத்து மிச்சத்திடம் நீட்டினேன்.

"நீங்க கழுவுங்கண்ணா" என்றேன்.

மிச்சம் தட்டை வாங்கி, குழாயை மெல்லத் திறந்து, சாயம் வழிந்தோட விட்டார். பிறகு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முழு ஊதா. ஒரு பொத்தல் இல்லை.

யார் முதலில் கத்தியது என்று தெரியவில்லை, அநேகமாக நான்தான். மேடம் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்து தட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிச்சம் கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போக, நாலு பேர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

உறையில் இருந்ததும் ஒரு வைரஸ்தான் என்று பின்னால் தெரிந்தது. கொசுவுக்குள் மட்டும் சத்தமில்லாமல் குடியிருந்து, மனிதர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத சாது. அது உள்ளே இருக்கிற வீட்டில் காய்ச்சல் வைரஸுக்கு இடம் கிடைப்பதில்லை. கடல் கடந்த ஆய்வகத்துக்கு இந்தத் தடவை செல்லோடு உறையும் சேர்த்து அனுப்பினோம். அவர்களிடமிருந்தும் ஊதாத் தட்டின் படம் வந்தது, கூடவே இரண்டு ஆச்சரியக்குறிகளும். அடுத்த கூட்டத்தில் மேடை ஏறியது நாங்கள் இருவரும். "இது மிச்சத்துல கிடைச்சது" என்று அவர் ஆரம்பித்ததும் என் கண் நிறைந்துவிட்டது. ப்ளீச்சுக்குப் போக இருந்த பிடிவாதக்காரிக்கு இப்போது தனி அலமாரி.

வீட்டில் சொன்னபோது அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நல்ல கிருமியில கொஞ்சம் கொண்டு வாயேன், மாடி வீட்டுத் தட்டுல ஊத்திடலாம்" என்றார்.

"இப்போதைக்கு முடியாது அத்தை. இன்னும் நிறையப் பார்க்கணும்."

"அதுவரைக்கும் நான் அடிச்சுக்கறேன்" என்று பேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தார்களாம்.

நான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஒட்டும் காகிதத்தில் பெரிய எழுத்தில், "யார் எதை ஊற்றினாலும் என்னிடம் சொல்லுங்கள். திட்ட மாட்டேன்" என்று எழுதிச் செல் அறைக் கதவில் ஒட்டினேன். மத்தியானம் பார்த்தால், திட்ட என்ற சொல்லுக்கு முன்னால் பொடி எழுத்தில் 'நிறைய' என்று சேர்த்திருந்தது. மிச்சத்தின் கையெழுத்து.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஒருவர் என் பிப்பெட் முனைகளை ஒரு வருஷமாகக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறாராம். இன்னொருவர் நான் மேஜையில் விட்டுப் போன குடுவையைத் தெரியாமல் முப்பத்தேழு டிகிரியில் வைத்துவிட்டு, சுதாரித்துத் திரும்ப வைத்தாராம். மூன்றாவதாக மேடம் வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"உன் பெட்டிக் கதவு அன்னிக்குத் திறந்து கிடந்துச்சே," என்றார். "நான்தான்மா. டீ கப்பைக் கையில வெச்சுக்கிட்டே செல் அறைக்குள்ள போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கப்போட போகக் கூடாதுன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்றேன். கையில இடமில்லாம கதவைக் காலால தள்ளிட்டு வந்துட்டேன். அது சாத்தல போலிருக்கு."

வாயைத் திறந்தேன். கதவில் நானே ஒட்டியது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேடத்துக்கும் வந்துவிட்டது, இருவரும் கண்ணில் நீர் வருமளவு சிரித்தோம்.

நேராகச் செல் அறைக்குப் போனேன். மிச்சம் குடுவையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னிக்குக் கதவைத் திறந்து போட்டது நீங்க இல்ல."

"தெரியும்மா. மேடம் டீ கப்போட வெளிய வந்ததை நான் பார்த்தேன்."

"பார்த்தீங்களா? பின்ன ஏன் சொல்லல? ஒரு வாரம் என்கிட்டத் திட்டு வாங்கினீங்களே!"

"எனக்கு உன் திட்டு பழகிடுச்சு," என்றார் மிச்சம். "மேடத்துக்குப் பழக்கமில்ல, பாவம்."

கையுறையை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிடிவாதக்காரியைக் கையில் எடுத்து, என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக மெதுவாகத் தட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் பலமா தட்டும்மா," என்றார் மிச்சம். "ஒண்ணுகூடப் பெயரல."